திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு எல்லை

அவரை எனக்குப் பிடிக்காது. நாங்கள் திண்டிவனத்தை விட்டு விழுப்புரத்துக்கு வீடு மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதும் இல்லை. ஆனாலும் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவர் குரல் காதில் கேட்கும். "நான் பொய் சொல்றேனா? சொல்லும்மா." உடனே எனக்குள் சண்டை தொடங்கிவிடும். அன்றைக்குப் பதில் தெரியாமல் வாயடைத்து நின்ற இடங்களுக்கெல்லாம் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், குழாயை மூட மறந்து.

திண்டிவனத்தில் எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை நாட்களில் தினமும் ரயிலில் விழுப்புரம் போய் வந்தவராம். என் கணவருக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில். எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. முன்னறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவர் இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"யூடியூப்ல பேசலாம்னு இருக்கேன்மா. நீங்க எடுத்துக் குடுக்கணும்."

"எதைப் பத்தி சார்? பைபிள் பிரசங்கமா?"

"அமெரிக்கா" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அமெரிக்கா அவருக்கு வெளிநாடு இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவருடைய தாத்தா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்தவர். அந்தத் தாத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாதிரியார். அந்தப் பாதிரியாரும் அவர் மனைவியும் இருக்கும் பழுப்பேறிய புகைப்படம் அவர் வீட்டுக் கூடத்தில் இயேசுவின் படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மாட்டியிருக்கும். "அந்த அமெரிக்கா கையில பைபிளோட நின்ன நாடும்மா. இன்னிக்கு அதைக் கீழ போட்டுட்டு எல்லாத்தையும் அவுத்து வுட்டுக்கினு நிக்குது" என்பார். வயிறு எரிந்து சொல்வார். நடிப்பில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் எழுந்து காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அந்த ஊர்ப் பழமைவாதப் பேச்சாளர்களைக் கேட்பார். அங்கே அவர்கள் மணிக்கணக்காக ரேடியோவில் கோபப்படுவார்கள் போலிருக்கிறது. அந்தக் கோபம் முழுவதையும் இவர் திண்டிவனத்தில் இறக்கிக்கொள்வார். பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, பத்திரிகைகள் பொய் சொல்கின்றன, அரசாங்கம் சும்மா இருப்பவனுக்குச் சோறு போட்டு அவன் கையை முடமாக்குகிறது, ஆண் யார் பெண் யார் என்றே தெரியாமல் ஆக்குகிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலே அமெரிக்காவின் தென் எல்லை, அங்கே எழுப்ப வேண்டிய சுவர். "நம்ம தென் எல்லை திறந்து கெடக்குது" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை நான் வெட்டக் கூடாது. வெட்டினால் கண்டுபிடித்துவிடுவார்.

டீக்கடையிலும் இதே பேச்சுதான். ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் சார், தெக்கால கன்னியாகுமரிதானே? அங்க கடலு கீது. அதுக்கு எதுக்கு செவுரு?"

கடையே சிரித்தது. அவர் காசை வைத்துவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். பிறகு அந்தக் கடைக்கு அவர் போகவேயில்லை.

இன்னொரு முறை, ஒரு மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவன் முடிவு பண்ணக் கூடாது என்று பேசினார். அமெரிக்காவைத்தான் சொன்னார். நம் ஊர் ஆட்கள் டில்லியைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து பகிர்ந்தார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் துண்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், இன்னா தெகிரியமா பேசிக்கிறீங்க! நம்ம மேடையில ஒருக்கா வந்து பேசணும்." துண்டைக் கையால்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பினார். "நான் உங்களுக்காகப் பேசலைங்க" என்றார், அவ்வளவுதான். அவரை விலைக்கு வாங்க யாராலும் முடியாது. ரேஷனில் பொங்கலுக்குக் கொடுக்கும் கரும்பையும் வேட்டியையும் அவர் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அவர் மனைவி போய் வாங்கி வந்ததைத் தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர். கடைக்காரர் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் திணறினாராம்.

நேர்மையானவர் என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த நேர்மைக்குப் பக்கத்தில் நின்றால் குளிரும்.

அவருக்கு ஒரே மகள். கணவனோடு அமெரிக்காவில் இருந்தாள். அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது அவரும் மனைவியும் விசாவுக்காகச் சென்னைக்குப் போனார்கள். கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் மறுத்துவிட்டார்கள். அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். ஆன்ட்டி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கோலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைக்கு என்று இடித்து வைத்திருந்த மருந்துப்பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரோ முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்து என் கணவரிடம் கேமராவை வைக்கச் சொன்னார்.

"இன்னிக்கு வேணாம் சார்" என்றேன்.

"இன்னிக்குத்தான் பேசணும்."

பேசினார். "இன்று எனக்கு அமெரிக்கா விசா மறுத்தது. எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் கதவு. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது வீட்டுக்காரனின் உரிமை" என்று பிசிறில்லாமல் சொன்னார்.

உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "புள்ள பெத்துக்கினு தனியா கெடக்கப் போவுது. ஒரு வெந்நி வச்சுக் குடுக்க ஆளு இல்ல. இவுரு கதவைப் பத்திப் பேசிக்கினு இருக்காரு."

அந்தக் குரலும் பதிவாகியிருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன்.

எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது அதற்கு அப்புறம்தான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை அறை உண்டு. அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் குடி வைத்திருந்தோம். மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை. மாலதி என்று அவள் பெயர், நம் ஊர்ப் பெயர் போலவே. புருஷன், கைக்குழந்தை, புருஷனின் தம்பி. அவள் தமிழ் கற்றுக்கொண்டது என்னிடம்தான். "அக்கா, தண்ணி வர்து" என்று காலையில் கத்துவாள். அவள் குரலில்தான் எங்கள் வீட்டுக்கு விடியும்.

ஒரு நாள் மதியம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். தம்பிக்காரனிடம் இல்லை. ஊரில் இருக்கிறது, வரவழைக்கிறேன் என்று அவன் தனக்குத் தெரிந்த இந்தியில் அழாக்குறையாகச் சொன்னான். போலீஸ்காரர்கள் ஒன்றும் அடாவடி செய்யவில்லை. அட்டை வந்ததும் காட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் மாலதி பயந்துவிட்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் கொட்டகை காலி. குழந்தைக்குக் கட்டிய தூளிச் சேலை மட்டும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்தது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நேரே எதிர் வீட்டுக்குப் போனேன்.

"எதுக்கு சார் போலீஸைக் கூப்பிட்டீங்க?"

"யாரு, எங்கேருந்து வந்தாங்கன்னு விசாரிக்கச் சொன்னேன். ஒருத்தன்கிட்ட கார்டு இல்ல. நான் பொய் சொன்னேனா?"

"அவங்களும் நம்ம நாட்டுக்காரங்கதானே சார்?"

"நாடும் வூடு மாதிரிதான், தெருவும் வூடு மாதிரிதான். யாரு வர்றான், யாரு போறான்னு தெரியலன்னா அது வூடாம்மா?"

கூடத்துச் சுவரைப் பார்த்தேன். கண் அந்தப் புகைப்படத்தின் மேல் போயிற்று.

"உங்க தாத்தாவுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாரே அந்தப் பாதிரியாரு, அவரு யாருகிட்ட கேட்டுக்கினு இந்த ஊருக்குள்ள வந்தாரு சார்?"

அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அவங்க குடுக்க வந்தவங்க. இவங்க எடுக்க வந்தவங்க."

மாலதி எதை எடுத்தாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மில்லில் தூசியை மூச்சில் எடுத்தாள். அதுதான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் அவர் வீடியோவைத் தொட மாட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன். "எதிர் வூட்டுக்காரங்ககிட்ட பேஜாரு வச்சிக்காத. அது பாட்டுக்கு அது" என்று அவர் சமாதானம் சொன்னார். ஆன்ட்டியின் முகத்துக்காக மறுபடி உட்கார்ந்தேன். மாலதி போன அன்று ஆன்ட்டி எங்கள் கொட்டகைக்கு வந்து அந்தத் தூளிச் சேலையை அவிழ்த்துத் துவைத்து மடித்து என் கையில் கொடுத்திருந்தார்.

பேத்தி பிறந்து நாலைந்து வருடம் ஆனபோது மகளின் கணவனுக்கு வேலை போயிற்று. கம்பெனி விசாவில் போனவர்கள் வேலை போனால் ஒரு கெடுவுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்தே அவர் ஒரு வீடியோ பேசினார். "வேலைக்காக அழைத்தார்கள், போனாய். வேலை இல்லையென்றால் திரும்பு. விருந்தாளி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கக் கூடாது, போகும்போது அழவும் கூடாது."

ரெண்டு நாள் கழித்து மகள் எனக்குப் போன் செய்தாள். சின்ன வயதிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, இங்க தமிழ்க்காரங்க எல்லாரும் அந்த வீடியோவைத்தான் அனுப்பிக்கினு இருக்காங்க. எங்க அப்பான்னு தெரியும் அவங்களுக்கு. எங்க வூட்டுக்காரரு வெளிய தலைகாட்டாம உக்காந்துக்கினு இருக்காரு. கையெடுத்துக் கும்பிடறேன்கா, அதை எடுத்துடுங்க."

அவரைக் கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை இல்லை. போய்க் கேட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஊருக்கு ஒரு சட்டம், என் பொண்ணுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சிக்கினு நான் பேசறது?"

அடுப்படியிலிருந்து ஆன்ட்டி வந்தார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன். "பேசவே வேணாம்! யாரு உங்களைப் பேசச் சொல்லி அழுவுறா? அது அழுவுது. போனைப் போட்டு, அப்பா இருக்கேன் வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். அங்கேயே போன் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அம்மாடி, அப்பா பேசறேன். கெடு முடியறதுக்குள்ள கிளம்பி வந்துடு. ஒரு நாள்கூட மேல இருக்காத. சட்டப்படி வந்துடு."

வா என்றுதான் சொன்னார். அப்படியும் ஒரு 'வா' இருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். நான் வெறுக்கும் அந்த மனிதர்தான் அவர்கள் வருமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார், மாடி அறைக்கு ஏசி வாங்கிப் போட்டார், பேத்திக்கு உயரம் குறைந்த கட்டில் செய்யச் சொன்னார். காரை அமர்த்திக்கொண்டு விமான நிலையத்துக்குத் தானே போனார். பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். அதைப் பார்த்தபோது, சரி, மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அவர் மாற வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவே இல்லை.

கொஞ்ச நாளில் கேமராவை வைக்கச் சொன்னார். கணவர் வெளியூர் போயிருந்ததால் நான்தான் போனேன். கூடத்தில் மகள் ஒரு ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மகளும் மருமகனும் திரும்பி வந்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்தார். "சட்டம் போ என்றது, வந்துவிட்டார்கள். ஒளியவில்லை, கெஞ்சவில்லை, வழக்குப் போடவில்லை. யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. சட்டம் சரியாக வேலை செய்திருக்கிறது. நான் பெருமைப்படுகிறேன்."

உண்மையிலேயே பெருமைப்பட்டார். மகளைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தார். முடித்துவிட்டு, எப்படி என்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அப்பா, அந்த வூட்டுப் பின்னாடி தக்காளிச் செடி வச்சிருந்தேன். பூ வுட்டிருந்தது. பாப்பாவோட ஃப்ரெண்டு ஒண்ணு, ஏர்போர்ட்டு வரைக்கும் வந்து இவளை வுடாம பிடிச்சிக்கினு அழுதுது. நான் வந்து இத்தினி நாள் ஆச்சு. அங்க இன்னாம்மா வுட்டுட்டு வந்தேன்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா."

"இல்லப்பா. நீங்க தப்பாவே சொல்ல மாட்டீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மெமரி கார்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "இதை நான் பண்ண மாட்டேன் சார்" என்றேன். வாங்கிக்கொண்டார். யாரிடமோ கற்றுக்கொண்டு தானே ஏற்றினார். அவர் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். "இப்படி ஒரு அப்பா வேண்டும்" என்று கீழே எழுதியிருந்தார்கள், முகம் தெரியாதவர்கள், எங்கெங்கோ இருப்பவர்கள்.

மருமகனுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. அவர்கள் அங்கே குடிபோனார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆன்ட்டியும் கூடப் போனார். பள்ளிக்கூட லீவில் வந்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னவர், லீவு விட்டும் வரவில்லை. நாங்களும் அதற்கடுத்து விழுப்புரம் வந்துவிட்டோம்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முன்னால். திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். மத்தியான வெயில். புதுச்சேரி பஸ் நிற்கும் இடத்தில், அதே முழுக்கைச் சட்டையில், ஒரு துணிக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்தார். பையின் வாய் வழியாகச் சரிகை வைத்த சின்ன கவுன் தெரிந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கலாம். கால் போகவில்லை.

"பாண்டிக்கா சார்?"

"ஆமாம்மா. நல்லாருக்கீங்களா?"

கண்டக்டர் "பாண்டி, பாண்டி" என்று கத்திக்கொண்டிருந்தார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏறுங்க சார். வண்டி கிளம்பப் போவுது."

"அவங்க கூப்பிடலையேம்மா."

"பேத்தியைப் பாக்க யாரு சார் கூப்பிடணும்?"

"அப்படி இல்ல. கூப்பிடாத வூட்டுக்குப் போறது மொறை இல்ல." குறையாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார்.

"நான் வேணா ஆன்ட்டிக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேணாம். சிபாரிசு வேணாம்."

பஸ் போய்விட்டது. அதன் புகை அடங்கும்வரை பார்த்துவிட்டு, "அடுத்த வண்டி எப்பம்மா?" என்று கேட்டார்.

"இப்ப வந்துடும் சார்."

"இருந்து பாக்கறேன்" என்றார்.

என் பஸ் வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. விழுப்புரம் வண்டி வெளியே திரும்பும்போது அடுத்த புதுச்சேரி வண்டி உள்ளே நுழைந்தது. அவர் எழுந்தார். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படிக்கட்டு வரை போனார். ஏற வந்த ஒரு குடும்பத்துக்கு ஒதுங்கி வழிவிட்டார். கடைசி ஆளும் ஏறிய பிறகு கம்பியைப் பிடித்தபடி கீழேயே நின்றார்.

"ஏறித் தொலைய்யா, படுபாவி மனுஷா" என்றேன். மனசுக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண் திடுக்கிட்டுத் திரும்பி, யாரை என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அதற்குள் எங்கள் பஸ் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது.